பின்கதவு யாருக்காகத் திறந்தது?

மகளிர் காவல் நிலையங்களைப் பற்றிய ஆய்வுகளில், தமிழ்நாட்டுப் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டாவது வாசிக்க வேண்டிய புத்தகம் ஒன்று உண்டு. மங்கை நடராஜன் 2008இல் வெளியிட்ட அந்த ஆங்கில நூலின் தலைப்பைத் தமிழில் 'மாறும் சமூகத்தில் பெண் போலீஸ்: சமத்துவத்துக்கான பின்கதவு' என்று சொல்லலாம். ஆசிரியர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரியில் குற்றவியல் பேராசிரியர். அவருடைய வாதம் எளிமையானது, துணிச்சலானதும்கூட. மேலைநாடுகளில் பெண் போலீசார் ஆண்களோடு சேர்ந்து ரோந்து போய், அதே வேலையை அதே விதமாகச் செய்துகாட்டிச் சமத்துவம் கேட்டார்கள். தமிழ்நாட்டில் அப்படி முன்கதவைத் தட்டியிருந்தால் அது திறந்திருக்காது. இங்கே பெண்களுக்கென்று தனி நிலையம் கொடுக்கப்பட்டது. அங்கே அவர்கள் வழக்கு விசாரிக்கவும் கைது செய்யவும் நீதிமன்றத்தில் நிற்கவும் கற்றுக்கொண்டார்கள். அந்த அனுபவம் அவர்களை மெல்லச் சமத்துவத்துக்குக் கொண்டுசேர்க்கும் என்கிறார் மங்கை.

இந்த வாதத்தை நம்மில் பலர் பழமைவாதம் என்று சட்டென்று ஒதுக்கிவிடுகிறோம். நான் ஒதுக்க மாட்டேன். தமிழ்நாட்டுக் காவல்துறையில் முதன்முதலாகப் பெண்கள் சேர்க்கப்பட்டது 1973இல். ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள், ஆகமொத்தம் 22 பேர். பெண் கைதிகளுக்குக் காவல் இருப்பது, பெண்களைச் சோதனை போடுவது, மறியலில் உட்கார்ந்திருக்கும் பெண்களைத் தூக்கி வேனில் ஏற்றுவது என்று நெடுங்காலம் அவர்களுக்கு எடுபிடி வேலைகளே மிஞ்சின. பெண் போலீஸ் என்றதும் இயக்கத்துப் பெண்கள் பலருக்கு இன்றும் அந்த வேன்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் காக்கிச் சட்டைக்குள் இருப்பவளும் ஒரு தொழிலாளி, அவளுக்கும் பதவி உயர்வு, பேறுகால விடுப்பு, கழிப்பறை என்று கோரிக்கைகள் உண்டு என்பதைப் பெண்ணியவாதிகளான நாம் பேசுவதற்கு முன்பே இந்தப் புத்தகம் பேசிவிட்டது. அந்தப் பெருமையை அதற்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

என் கேள்வி வேறு. காவல் நிலையத்துக்குக் கதவு மட்டுமா இருக்கிறது? கதவைத் தாண்டியதும் ஒரு பெஞ்சு இருக்கிறது. மனு கொடுக்க வந்தவள் அதில்தான் உட்கார்ந்திருக்கிறாள். சமத்துவத்துக்கான பின்கதவு வழியே காவலர் உள்ளே போனார், சரி. பெஞ்சில் இருந்தவள் என்ன ஆனாள்? நம் நாட்டில் காவல்துறையைப் பற்றிய கல்விப்புல ஆய்வு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக வளர்ந்து வந்த விதத்தைப் பார்த்தால், இந்தக் கேள்வி ஏன் அதில் தொடர்ந்து நழுவிப்போகிறது என்பது புரியும்.

முதலில் ஆண்டைக் கவனிப்போம். நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973இல் கோழிக்கோட்டில் வந்தது. ஆனால் அதை ஒரு மாநிலத்தின் முகவரியாகவே ஆக்கியது தமிழ்நாடு. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியது. இன்று மாநிலம் முழுக்க இருநூறுக்கும் அதிகமாக இருக்கின்றன. அதே 1992ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தன. பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் கணவன் காவலில் இறந்து, மனைவி பாலியல் வன்முறைக்கு உள்ளான வழக்கும் அதே ஆண்டுதான். வாச்சாத்தியில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது 2011இல். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல்.

ஒரே ஆண்டில் ஒரே அரசின்கீழ் இரண்டும் நடந்தன. காவல் நிலையம் பெண்களுக்கு அடைக்கலம் தரும் இடம் என்ற அறிவிப்பும், காவல் நிலையத்தில்தான் பெண்ணுக்கு ஆபத்து என்ற நிரூபணமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இதை யாரோ திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மகளிர் காவல் நிலையம் பேசுபொருளான பிறகு, 'பெண்ணும் போலீசும்' என்ற தலைப்பு வரதட்சணை, மாமியார், குடிகாரக் கணவன் என்று வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. காவல்துறையின் சொந்த வன்முறை மனித உரிமை அமைப்புகளின் உண்மையறியும் குழு அறிக்கைகளுக்குள் ஒதுங்கியது. குற்றவியல் துறைகள் முதலாவதை எடுத்துக்கொண்டன. இரண்டாவதை நம் மாதர் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் சுமந்தார்கள். இரண்டையும் ஒரே ஆராய்ச்சி மேசையில் வைத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

இந்தப் பிரிவினைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் காவல்துறையைப் பற்றிய முதல் பெரிய ஆய்வு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், 1855இல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையைத்தான் சொல்ல வேண்டும். வரி கட்டாதவர்களையும் குற்றம் சாட்டப்பட்டவர்களையும் கம்பெனி ஆட்சியின் ஊழியர்கள் எப்படிச் சித்திரவதை செய்தார்கள் என்று அது விசாரித்தது. தொலைதூர மாவட்டங்களிலிருந்தெல்லாம் மக்கள் வந்து புகார் சொன்னார்கள். அறிக்கை பழியை உள்ளூர்ச் சேவகர்கள் தலையில் கட்டிவிட்டு வெள்ளை அதிகாரிகளைத் தப்பவிட்டது என்பது உண்மை. ஆனாலும் அடிபட்டவர்கள் வாய்திறந்து பேசிய ஆவணம் அது. அதைத் தொடர்ந்து 1859இல் சென்னை மாகாணக் காவல் சட்டம் வந்தது, 1861இல் இந்தியக் காவல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு வரலாற்றாசிரியருக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் காவல்துறை தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட காகிதங்கள். டேவிட் அர்னால்ட் 1986இல் வெளியிட்ட, 1859 முதல் 1947 வரையிலான சென்னை மாகாணக் காவல்துறை பற்றிய நூல், அந்தக் காகிதங்களை எதிர்த்து வாசித்துக் காலனியத்தின் லத்தியை அம்பலப்படுத்தியது. அது பெரிய சாதனை. ஆனால் பெண்ணைத் தேடி அதை வாசிப்பவருக்குக் கை நிறைய எதுவும் கிடைக்காது.

விடுதலைக்குப் பிறகு அமெரிக்க அறிஞர் டேவிட் பெய்லி 1969இல் இந்தியக் காவல்துறையும் அரசியல் வளர்ச்சியும் என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார். மக்களிடம் கருத்துக் கேட்டு எழுதப்பட்ட முன்னோடி முயற்சி. 1970இல் உள்துறை அமைச்சகம் காவல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு பணியகம் தொடங்கியது. இந்தியக் குற்றவியல் சங்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு தொடங்கியதும் அதே ஆண்டில். ஆக, இந்தத் துறையின் பிறப்பிடங்களில் நம் ஊரும் ஒன்று. பெருமைதான். ஆனால் அரசும் காவல்துறையும் கேட்கும் கேள்விக்கு விடை தேடுவதே ஆராய்ச்சி என்ற பழக்கமும் கூடவே வந்துவிட்டது. பயிற்சி போதுமா, மன அழுத்தம் எவ்வளவு, வாகனம் உண்டா, மக்களுக்கு நல்லெண்ணம் இருக்கிறதா என்பவையே ஆய்வுத் தலைப்புகள் ஆயின. அமெரிக்காவில் வில்லியம் வெஸ்ட்லி போன்றவர்கள் காவல் சமூகவியலைத் தொடங்கியதே போலீஸ் ஏன் அடிக்கிறது என்ற கேள்வியிலிருந்து. நம் குற்றவியல் வகுப்பறையில் அந்தக் கேள்வி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

அதை முன்வரிசைக்கு இழுத்துவந்தவர்கள் சட்ட ஆசிரியர்கள். மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமி மீது நடந்த வன்முறை, மதுரா வழக்கு என்று அறியப்படுவது, 1978இல் உச்ச நீதிமன்றத்தில் காவலர்களின் விடுதலையில் முடிந்தது. 1979இல் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வர் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அதில் புள்ளிவிவரம் இல்லை, கேள்வித்தாள் இல்லை. காவல் நிலையத்துக்குள் இரவில் நிறுத்திவைக்கப்பட்ட ஓர் ஏழைப் பெண் 'எதிர்க்கவில்லை' என்றால் அதற்குச் சம்மதம் என்றா பொருள் என்ற கேள்வி இருந்தது. அது 1983இல் சட்டத்தையே மாற்றியது. என்னைக் கேட்டால், இந்தியக் காவல் ஆய்வின் மிகச் சிறந்த ஆவணங்களில் அந்த மடல் ஒன்று. பாடத்திட்டத்தில் அதை 'பெண்களும் சட்டமும்' என்ற தாளில் வைக்கிறோம், 'காவல் நிர்வாகம்' என்ற தாளில் வைப்பதில்லை.

இனி பெஞ்சுக்கு வருவோம். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் கணவனிடம் அடிவாங்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவளுக்குப் பெயர் வேண்டாம், அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அவள் முதலில் போவது பக்கத்துக் காவல் நிலையத்துக்கு. "இது லேடீஸ் ஸ்டேஷன் மேட்டரும்மா, அங்க போங்க" என்பார்கள். கேம்ப் ரோடு நெரிசலில் ஷேர் ஆட்டோ பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டு, கைக்குழந்தையோடு போய்ச் சேர்ந்தால், அங்கே மனுவை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது தருவார்கள். அதற்குப் பெயர் சி.எஸ்.ஆர். அது முதல் தகவல் அறிக்கை இல்லை. ஆனால் முத்திரையோடு எண் போட்டு வருவதால், புகார் பதிவாகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்வாள். பிறகு கணவனைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இரு தரப்பும் பெரியவர்களைக் கூட்டிவரும். "புள்ளைங்க முகத்தப் பாரும்மா" என்று காவலர் அம்மா சொல்வார். அவன் இனி அடிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பான். மனு முடித்துவைக்கப்படும். மூன்று மாதம் கழித்து அவள் மறுபடி அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

இதைச் சட்டவிரோதம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது என்பதுதான் சிக்கல். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, கணவன் மனைவி தகராறுகளில் முன்விசாரணை செய்யலாம் என்று ஒரு சந்தையும் திறந்துவைத்தது. அந்தச் சந்துதான் இன்று பெருவழி ஆகியிருக்கிறது. சில பெண்களுக்கு வழக்கு வேண்டாம், அடி நின்றால் போதும் என்பதும் உண்மை. வழக்குப் போட்டால் வீட்டு வாடகை யார் தருவார் என்று அவள் கேட்பதற்கு நம்மிடம் சுலபமான பதில் இல்லை. மங்கை நடராஜன் 2006இல் எழுதிய ஒரு கட்டுரை மகளிர் காவல் நிலையத்தைத் தகராறு தீர்க்கும் ஓர் அமைப்பாகவே பார்க்கிறது. நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் அலைவதைவிட இது மேல் என்ற நடைமுறை நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் தகராறு என்று பெயர் வைத்ததுமே அடித்தவனும் அடிபட்டவளும் இரண்டு தரப்பு ஆகிவிடுகிறார்கள். எழுதிக் கொடுத்த வாக்குறுதியின் ஆயுள் எவ்வளவு என்று பின்தொடர்ந்து பார்ப்பது யார்? மனு முடிந்தது என்பது நிலையத்தின் கணக்கு. ஆய்வாளரும் அதே பதிவேட்டை வைத்து எண்ணினால் அதே கணக்குதான் வரும்.

குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத்தில் முதல் தகவல் அறிக்கைகள் மட்டுமே எண்ணப்படுகின்றன. சி.எஸ்.ஆரோடு திரும்பிப் போனவள் அதில் இல்லை. ரசீதுகூட வாங்காமல் போனவள் எதிலுமே இல்லை.

இந்த இடத்தில் புதிய தலைமுறை ஆய்வுகள் சில உதவிக்கு வருகின்றன. நிர்விகார் ஜஸ்ஸல் 2020இல் ஹரியானாவின் மகளிர் காவல் நிலையங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். முதல் தகவல் அறிக்கைகளைப் பெருமளவில் திரட்டிப் பார்த்தபோது, 2015இல் அந்த நிலையங்கள் வந்தபின் பெண்களின் புகார்ப் பதிவு எதிர்பார்த்தபடி கூடவில்லை என்று தெரிந்தது. சாதாரண நிலையங்கள் பெண்களின் புகார்களை அங்கே தள்ளிவிட்டுத் தம் சுமையைக் குறைத்துக்கொண்டன. பெண்களுக்கு மிஞ்சியது கூடுதல் பயணம். ராஜகீழ்ப்பாக்கத்துப் பெண்ணின் ஷேர் ஆட்டோ ஒரு வழியாக அரசியல் அறிவியல் இதழில் ஏறிவிட்டது. ஹரியானாவும் தமிழ்நாடும் ஒன்றல்ல, இங்கே இந்த நிலையங்களுக்கு முப்பது வருட வயது. அப்படியிருந்தும் 'அங்க போங்க' என்ற சொல் இரண்டு இடத்திலும் ஒன்றுபோலவே கேட்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களை எடுத்துக்கொண்டு சந்தீப் சுக்தங்கர், கேப்ரியல் க்ரக்ஸ்-விஸ்னர், அக்ஷய் மங்க்ளா ஆகியோர் செய்த சோதனை 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சாதாரணக் காவல் நிலையத்துக்குள்ளேயே பெண்களுக்கு உதவி மேசை வைத்தால் வழக்குப் பதிவு கூடுகிறது, மேசையில் பெண் அலுவலர் இருந்தால் விளைவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்பது முடிவு. தனி நிலையமா, எல்லா நிலையத்திலும் பெண்ணா என்ற நம் பழைய விவாதத்துக்கு இது நல்ல தீனி. ஆனால் இந்த ஆய்வுகளிலும் வெற்றியின் அளவுகோல் பெரும்பாலும் பதிவான வழக்கின் எண்ணிக்கைதான். பதிவான பிறகு அவள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கச் செலவும் நேரமும் அதிகம். அதோடு, கேட்பதே அவளுக்கு ஆபத்தாகலாம். இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அளக்க முடிந்ததே முக்கியமானது என்ற மயக்கம் நம் மாணவிகளுக்கும் தொற்றுகிறது.

தாம்பரம் பக்கத்துக் கல்லூரிகளில் சமூகப்பணியும் சமூகவியலும் படிக்கும் மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் மகளிர் காவல் நிலையத்தைத் தலைப்பாக எடுக்கிறார்கள். அவர்களின் ஆய்வேடுகள் சிலவற்றைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். நிலையத்துக்குள் போக மேலதிகாரியின் அனுமதிக் கடிதம் வேண்டும். கேள்வித்தாளை முன்கூட்டியே காட்ட வேண்டும். மனுதாரரோடு பேசும்போது பக்கத்தில் காவலர் நிற்பார். 'காவலர் உங்களை எப்படி நடத்தினார்' என்ற கேள்விக்கு ஐந்து கட்டங்கள், 'மிகவும் திருப்தி' முதல் 'மிகவும் அதிருப்தி' வரை. மனு இன்னும் முடியாத நிலையில், காவலர் பார்த்துக்கொண்டிருக்க, எந்தப் பெண் ஐந்தாவது கட்டத்தில் டிக் அடிப்பாள்? பிறகு அந்த டிக்குகள் சதவீதமாகி, 'மகளிர் காவல் நிலையச் செயல்பாடு சிறப்பாக உள்ளது' என்று முடிவுரை எழுதப்படும். மாணவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவளுக்கு மூன்று மாதத்தில் ஆய்வேடு கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்று சாதி. ராதா குமார் 2021இல் வெளியிட்ட நூல், 1900 முதல் 1975 வரை தென் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் அன்றாடப் பதிவேடுகளை வாசித்து, சாதியை ஊருக்குள் நிலைநிறுத்தியதில் போலீசின் தினசரி வேலைக்கு இருந்த பங்கைக் காட்டுகிறது. யாரைக் கண்காணிப்பது, யார் ஊர்வலத்தை அனுமதிப்பது என்று ஏட்டு எழுதிய வரிகளில் சாதி புழங்கியது. அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குள் போக வேண்டும் என்பது என் ஆசை. சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டு பாதுகாப்புக் கேட்டு ஓடிவரும் ஜோடிகள் முதலில் வந்து நிற்பது பல நேரம் இந்த நிலையங்களில்தான். பெற்றோர் வரும்வரை பெண்ணைத் தனியே உட்காரவைத்து மனசு மாறச் சொல்லும் 'ஆலோசனை' பற்றி வழக்கறிஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். உசிலம்பட்டிப் பக்கம் 2014இல் அப்படி மணம் செய்த ஒரு பெண் இறந்துபோன வழக்கில்தான், 2016இல் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் இருபத்துநான்கு மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று உத்தரவிட்டார். ஆலோசனை சொல்லும் காவலர் எந்தச் சாதி, கேட்கும் பெண் எந்தச் சாதி என்ற கேள்வி திருப்திக் கட்டங்களில் இடம்பெறுவதே இல்லை.

மங்கையின் பின்கதவு வாதத்துக்கே திரும்புகிறேன். உள்ளே போன பெண்ணுக்காவது சமத்துவம் கிடைத்ததா? முதல்வர் போகும் சாலையில் மணிக்கணக்கில் நிற்கும் பந்தோபஸ்து வேலையிலிருந்து பெண் போலீசாருக்கு விலக்கு வந்தது 2021 ஜூனில். அதற்கு முந்தைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் அவர்கள் சிறுநீர் அடக்கிக்கொண்டு நின்றார்கள் என்பதைத் தனியே ஆராயத் தேவையில்லை. 2019இல் காமன் காஸ் அமைப்பும் லோக்நீதியும் சேர்ந்து வெளியிட்ட நாடு தழுவிய அறிக்கை, காவலர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்றது. பேச்சு பொன்விழா ஆண்டான 2023இல்தான் காலை அணிவகுப்பை ஏழு மணியிலிருந்து எட்டுக்குத் தள்ளிவைப்பது பற்றி வந்தது. வீட்டில் சமைத்துவிட்டு ஏழு மணிக்கு வந்து நிற்கும் பெண்ணின் நாள் எப்போது தொடங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில், சிறப்பு டி.ஜி.பி. ஒருவர் மீது பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பிய பெண் எஸ்.பி.யைச் செங்கல்பட்டுச் சுங்கச்சாவடியில் மறித்தார்கள். மாவட்டத்துக்கே தலைமை ஏற்கக்கூடிய ஐ.பி.எஸ். அதிகாரியையே புகார் கொடுக்கவிடாமல் வழிமறிக்க முடிந்தது. விழுப்புரம் நீதிமன்றம் 2023இல் அந்த அதிகாரிக்கு மூன்றாண்டு சிறை விதித்தது. பின்கதவு வழியே உள்ளே போய் மாடிப்படி ஏறிய பிறகும் இதுதான் நிலை என்றால், கதவைப் பற்றிய பேச்சு மட்டும் போதாது.

இதற்கிடையில் சாத்தான்குளமும் இருக்கிறது. 2020 ஜூனில் தந்தையும் மகனும் அந்தக் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டு இறந்த வழக்கில், அங்கே பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் தான் பார்த்ததைச் சொன்னார். அவர் இருந்தது மகளிர் காவல் நிலையத்தில் இல்லை, சாதாரண நிலையத்தில். ஆண்கள் சூழ்ந்த இடத்தில் இருந்துகொண்டு சாட்சி சொன்னார். பெண்களைத் தனி நிலையத்துக்குள் சேர்த்துவிட்டால் மற்ற நிலையங்களின் இரவுகளை யார் பார்ப்பார்கள் என்று அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மங்கையின் நூல் இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. 2008இல் அதை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. இப்போது எழுதுகிறவர்கள் யோசிக்கலாம்.

2022 ஜனவரி முதல் தாம்பரம் தனி மாநகரக் காவல் ஆணையரகம். காவலர் பயிற்சியகம் ஊனமாஞ்சேரியில், வண்டலூருக்கு அந்தப் பக்கம். ஆய்வுக்கு வேண்டிய எல்லாமே பஸ் தூரத்தில் இருக்கின்றன. என்னிடம் வரும் மாணவிகளிடம் நான் இப்போது சொல்வது, நிலையத்தின் அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்காதே, வெளியிலிருந்து தொடங்கு. குடும்ப நீதிமன்ற வாசலில், மாதர் சங்கத்தின் சட்ட உதவி மேசையில், குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் அறைக்கு வெளியே, கையில் பழைய சி.எஸ்.ஆர். ரசீதுகளை மடித்து வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். திருப்தியா என்று கேட்காதே. எத்தனை முறை போனாய், ஒவ்வொரு முறையும் யார் கூட வந்தார்கள், என்ன செலவாச்சு, என்ன காகிதம் கொடுத்தார்கள், அதில் என்ன எழுதியிருந்தது என்று கேள். அவளுக்கு விருப்பமிருந்தால் மட்டும் கேள், பெயரை எழுதாதே. போன ஆண்டு ஒரு மாணவி அப்படிச் செய்தாள். பதினொரு பெண்களிடம்தான் பேச முடிந்தது. மாதிரி அளவு போதாது என்று தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்தப் பதினொரு பேரும் சேர்ந்து காவல் நிலையத்துக்கு ஐம்பத்துமூன்று முறை போயிருந்தார்கள்.